கோழிக் கொட்டகையில் ஒரு காய்கறிக்கடை

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடம் அதற்கு முன் கோழிப்பண்ணையாக இருந்தது. துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், சோளக்காட்டுக்கு நடுவில் நீளநீளமாக மூன்று கொட்டகைகள். கம்பிவலை இருந்த இடத்தில் அரைச்சுவர் எழுப்பி, மஞ்சள் பெயின்ட் அடித்து, அதில் முயலும் யானையும் ஆப்பிளும் வரைந்து வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மழை பெய்தால் போதும், தரையின் வெடிப்புகளிலிருந்து பழைய கோழி எச்சத்தின் நாற்றம் கிளம்பி வந்துவிடும். பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையை ஆட்டி இங்கிலீஷ் பாட்டுப் பாடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பட்டறை, மில், தறி என்று ஏதோ ஒன்றில் நாலு காசு பார்த்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட ஆரம்பித்திருந்தார்கள். பள்ளியின் தாளாளர் கோழியில் நட்டப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். அவரை கரஸ்பாண்டென்ட் சார் என்றும் அவர் மனைவியை மேடம் என்றும் கூப்பிட வேண்டும். மேடம் எந்த வகுப்புக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனால் காலை முதல் சாயங்காலம் வரை பள்ளியில்தான் இருப்பார். எங்கள் தோட்டம் காரமடைப் பக்கம். பி.ஏ. இங்கிலீஷும் பி.எட்.டும் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். "தெரிஞ்சவங்க பள்ளிக்கூடம், பொட்டப்புள்ள பயமில்லாம போய்ட்டு வரலாம்" என்று அப்பாதான் சேர்த்துவிட்டார்.

எனக்கு ஒன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பார்த்து முதல் வாரத்திலேயே எனக்கு வெறுத்துவிட்டது. டீச்சர் ஒரு வரி கத்துவார். நாற்பது பிள்ளைகள் அதையே திருப்பிக் கத்தும். மூன்று கொட்டகையிலும் ஒரே நேரத்தில் கத்துவதால் எந்த வகுப்பு எதைக் கத்துகிறது என்றே புரியாது. தமிழில் பேசினால் வெயிலில் முட்டி போட வேண்டும். இங்கிலீஷில் பேசத் தெரியாது. ஆகவே பேச்சே கிடையாது, கத்தல் மட்டும்தான். சுவரில் பனிக்கட்டி வீட்டுப் படம் ஒன்று இருந்தது. பக்கத்தில் இக்லூ என்று எழுதியிருந்தார்கள். இக்லூ என்றால் என்ன என்று ஒரு பையனிடம் தமிழில் கேட்டேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அது இங்கிலீஷ்ங்க மிஸ்" என்று மெதுவாகச் சொன்னான்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்திலிருந்து வயர்க்கூடை நிறையக் கத்திரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, முருங்கைக்காய், கொஞ்சம் கொய்யா எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு நாலு கடை வைத்தேன். கொட்டாங்குச்சியில் கயிறு கட்டித் தராசு, புளியங்கொட்டைதான் காசு. பாதிப் பேர் கடைக்காரர்கள், பாதிப் பேர் வாங்க வருகிறவர்கள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான்: வேண்டியதை இங்கிலீஷில் கேட்க வேண்டும். வார்த்தை தெரியாவிட்டால் நடித்துக் காட்டலாம், பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் கேட்டுக்கொள்ளலாம். முட்டி போடுவது கிடையாது.

முதல் பத்து நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பையன் வெண்டைக்காயைத் தொட்டு, "லேடீஸ் ஃபிங்கர்" என்றான். உடனே எல்லாரும் அவரவர் விரலைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கட்டு அவிழ்ந்துவிட்டது.

"ஹவ் மச்ங்க?"

"ஃபைவ் ருப்பீஸ்ங்க."

"நோங்க. டூ மச்ங்க."

"சரிங்க, த்ரீ குடுங்க. தேங்க்யூங்க."

ஊர்ப்பேச்சின் மரியாதை அவர்கள் வாயிலிருந்து தானாகவே இங்கிலீஷில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் திருத்தவில்லை. இங்கிலீஷில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்களே, அது போதும் என்றிருந்தது.

அன்றைக்கு வகுப்பையே கலக்கியவள் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண். மடித்துக் கட்டிய சடையில் சிவப்பு ரிப்பன், மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. அவளுடைய அப்பா மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் வார்ப்பு வேலை பார்த்தார். அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில் வீடு. வாராவாரம் அம்மாவோடு சந்தைக்குப் போகிறவள் என்பதை அவள் கத்திரிக்காயை எடுத்த விதத்திலேயே தெரிந்துகொண்டேன். காம்பைப் பிடித்துத் தூக்கி, திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் காட்டினாள்.

"ஹோல்! மிஸ், ஹோல்! ஐ நாட் வாண்ட்!"

கடைக்காரப் பையன் விடவில்லை. "அது சின்ன ஹோல்தானுங்க."

"உள்ள புழு இருக்கும். மிஸ், புழுவுக்கு இங்கிலீஷ்ல என்னுங்க?"

"வொர்ம்" என்றேன்.

"வொர்ம் ஷாப்!" என்று அவள் கூவினாள். "டோன்ட் கம்ங்க, இது வொர்ம் ஷாப்!"

அவ்வளவுதான். அன்று முழுக்க அந்தக் கடைக்கு அதுதான் பெயர். கடைக்காரப் பையன் கோபித்துக்கொண்டு, இருந்த கத்திரிக்காயை எல்லாம் புரட்டி ஓட்டை இல்லாததை மேலே அடுக்கி, "நோ வொர்ம்! நோ வொர்ம்!" என்று தொண்டை வறளக் கத்தினான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நாற்பது பிள்ளைகளும் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டார்கள்.

கரஸ்பாண்டென்ட் சார் அரைச்சுவருக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன்.

"அம்மணி, நீ பண்ணுனது பிரமாதம் போ" என்றார். "அட்மிசன் டைம் வருதல்ல? பள்ளிக்கூடத்தப் பாக்க வர்றவங்களுக்கு இதையே காட்டிப்போடலாம். வெளையாட்டா இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறோம்னு நோட்டீஸ்லயும் அடிச்சுப்போடலாம். மேடம் கூட நின்னு பாத்துக்குவாங்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேடம் வந்து நின்ற பிறகு என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

முதலில் "ங்க" போயிற்று. "என்ன கருமம் இது, இங்கிலீஷ்லயும் ங்க போட்டுட்டு! சந்தையாட்ட இருக்குது" என்றார் மேடம். சந்தைதானே மேடம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. அடுத்ததாக, ஒவ்வொரு பிள்ளையும் என்ன பேச வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக்கொடுத்தார். "குட் மார்னிங் சார். வெல்கம் டு மை ஷாப். ஃப்ரெஷ் டொமேட்டோஸ் சார்." பேரம் கிடையாது, புழு கிடையாது. நாற்பது பேரும் வேண்டாம், எட்டுப் பேர் போதும் என்றார். "செவப்பா, லட்சணமா இருக்கறதா பாத்து முன்னால நிறுத்து." மற்றவர்கள் பின்னால் பாயில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். அவர்களுக்கு ஆடியன்ஸ் என்று பெயர்.

சடைக்காரி நிறத்தில் தேறவில்லை. ஆனால் பழக்கடைக்கு இருந்த நீளமான வரியை மூச்சு விடாமல் சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் அவளை நான் அங்கே நிறுத்தினேன். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று அப்போது அவருக்குத் தெரியாது.

பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தடவை கடை போட வேண்டும். பாடம் நின்றுபோனது. காலையில் ஆரம்பித்தால் "வெல்கம் டு மை ஷாப்", மத்தியானம் சோற்றுக்கை கழுவின ஈரத்தோடு "வெல்கம் டு மை ஷாப்". தக்காளிக்கடைப் பையனிடம் ஒருநாள் இங்கிலீஷில் உன் பெயர் என்ன என்று கேட்டேன். "டென் ருப்பீஸ் ஒன்லி சார்" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காய்கறியும் பழமும் வாரத்துக்கு ஒருமுறைதான் வாங்குவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், பங்குனி வெயிலில், மூன்றாவது நாளே தக்காளி தோல் சுருங்கி நீர் விடும். ஐந்தாவது நாள் பப்பாளியின் ஒரு பக்கம் வெள்ளையாகப் பூத்து உள்ளே அமுங்கிவிடும். "அந்தப் பக்கத்தச் செவுத்துக்குத் திருப்பி வெய்யி" என்பார் மேடம். "அடியில கெடக்கறது யாருக்குத் தெரியுது? மேல மட்டும் நல்லதா அடுக்கு." கொசுவைவிடச் சின்னதாய் இருக்கும் பழ ஈக்கள் பிள்ளைகளின் கண்ணிலும் மூக்கிலும் மொய்க்கும். தாளில் ஒரு வரி இருந்தது. பழத்தை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ம்ம்ம், ஸ்வீட் ஸ்மெல்!" என்று சொல்லிக் கண்ணை மூட வேண்டும். ஒரு பையன் அப்படித் தூக்கியபோது ஓங்கரித்துவிட்டான். மேடம் அவனைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார், முகம் சுளிக்காமல் சிரித்துக்கொண்டு சொல்லும் வரைக்கும். அந்தக் குழந்தையின் கண்ணில் நீர் கோத்திருக்க, உதடு மட்டும் சிரித்தது.

ஒரு சாயங்காலம் அழுகியதை எல்லாம் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் பார்த்தால் பாதி திரும்பக் கடையில் இருக்கிறது. ஆயாவிடம் கேட்டேன்.

"மேடந்தானுங்க மிஸ் எடுத்துத் தொடைச்சு வெக்கச் சொன்னாங்க. பாக்கறதுக்குத்தான, திங்கறதுக்கான்னாங்க."

திங்கிறதற்கு வேறு கூடை வந்தது. வருகிறவர்களுக்கு ஒரு துண்டு பழம் கொடுத்தால் மனசு குளிரும் என்று மேடத்துக்குத் தோன்றிவிட்டது. நல்ல கொய்யாவும் வாழைப்பழமும் தனிக்கூடையில் வாங்கி, பழக்கடைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தார்கள். கடைக்காரப் பிள்ளை "ப்ளீஸ் டேஸ்ட் சார்" என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் நாள் சடைக்காரிதான் கொடுத்தாள். வந்திருந்த ஒரு அம்மாள் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இது நம்ம நர்சம்மா புள்ளையல்ல?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பழத்தை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

அவர்கள் போனதும் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தக் காலனிப் புள்ளைய யாரு பழக்கடையில நிறுத்துனது?"

"நாந்தானுங்க மேடம். அவதான் நல்லாப் பேசறா."

"பேசட்டும், நான் வேண்டாங்கல. ஃபீஸ் கட்டறாங்க, படிக்கட்டும். ஆனா வர்றவங்க கையில வாங்கித் திங்கறாங்க பாரு. யாரு ஊட்டுப் புள்ளைன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லறது?"

மேடம் என் தோளில் கை வைத்து, குரலை இறக்கிக்கொண்டு, ரொம்பப் பாசமாகச் சொன்னார்: "நீ நம்ம சனத்துப் புள்ளதான அம்மணி. உனக்கு இதையெல்லாம் நான் வெளக்கோணுமா?"

அழுகிய பப்பாளியைக் கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன். மழைநாளில் அந்தத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அதிலெல்லாம் வராத அருவருப்பு அந்தக் கை என் தோளில் இருந்தபோது வந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னையும் அவரோடு சேர்த்து எண்ணிக்கொண்டு, இது நமக்குள் தெரிந்த விஷயம்தானே என்று சிரித்ததுதான் தாங்கவில்லை. தோளை விலக்கிக்கொண்டேன்.

"அந்தப் புள்ள இல்லாம இதை நான் நடத்த மாட்டேனுங்க."

"நடத்தாட்டிப் போ. நான் நடத்திக்கறேன்" என்றார் மேடம். பாசம் போய்விட்டது.

அன்றைக்கே கரஸ்பாண்டென்ட் சார் அப்பாவுக்கு போன் போட்டிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் அப்பா, "ஊர் ஒலகத்துல நடக்காததா? உனக்கு எதுக்கு அந்த வம்பு?" என்றார். "அது ஆறு வயசுப் புள்ளைங்கப்பா" என்றேன். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது பிள்ளைகளையும் மேடத்தின் கையில் விட்டுவிட்டு வர மனம் வராமல் நான் தொடர்ந்து போனேன். கடை போடும் நேரத்தில் மட்டும் கதவோரம் போய் நின்றுகொள்வேன்.

சடைக்காரியிடம் மேடம், "இனி நீ ஆடியன்ஸ் கண்ணு" என்று சொல்லிவிட்டார். அவள் பாயில் போய் உட்கார்ந்து, எல்லாருடைய வரியையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு மில் முதலாளி வந்தார். வயசானவர், வெள்ளைக் கதர், மெதுவான நடை. பள்ளிக்கு நிஜமான கட்டடம் கட்ட உதவி செய்வார் என்ற எதிர்பார்ப்பு. முந்தின நாளே கொட்டகைக்கு பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். பினாயில் வாடையும் அழுகல் வாடையும் சேர்ந்து காலையிலேயே தலை சுற்றியது. தின்பதற்கான கூடைக்குப் புதுப் பழம் வந்தது. காட்சிக்கான தக்காளி பழசுதான், மேல்வரிசை மட்டும் புதிது.

மாலை மரியாதை எல்லாம் முடிந்து பெரியவர் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். தக்காளிக்கடையில் நின்றார். பையன், "ஃப்ரெஷ் டொமேட்டோஸ் சார்!" என்றான். பெரியவர் என்ன நினைத்தாரோ, மேல்வரிசையை விட்டுவிட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார்.

"இஸ் திஸ் ஃப்ரெஷ்?" என்று கேட்டார்.

தாளில் இந்தக் கேள்வி இல்லை. பையன் மேடத்தைப் பார்த்தான். பிறகு, "டென் ருப்பீஸ் ஒன்லி சார். தேங்க்யூ. கம் அகெய்ன்" என்றான்.

பெரியவர் லேசாக அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. மணிக்கட்டு வரை சாறு வழிந்தது. அப்போது பின்னால் பாயிலிருந்து ஒரு குரல்:

"நோங்க சார்! இட் ஈஸ் பேட்ங்க! டோன்ட் பைங்க!"

சடைக்காரி எழுந்து நின்றிருந்தாள். ஒரு மனுசர் கெட்டுப்போனதை வாங்கப் போகிறாரே என்கிற நிஜமான பதற்றம் அவள் முகத்தில் இருந்தது. பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டார்.

"தென் வாட் ஷுட் ஐ பை?"

அவள் நேராக வெள்ளைத் துணி மேசைக்குப் போனாள். ஒரு கொய்யாவை எடுத்து அமுக்கிப் பார்த்து வைத்துவிட்டாள். இன்னொன்றை மோந்து பார்த்தாள். மூன்றாவதை எடுத்துத் தன் பாவாடையில் துடைத்து நீட்டினாள். "திஸ்ங்க. குட்ங்க."

பெரியவர் வாங்கி அங்கேயே கடித்தார். மென்றுகொண்டே, "இவ பொழைச்சுக்குவா" என்றார். "இத்தன புள்ளைகள்ல இவ ஒருத்திதானுங்க இங்கிலீஷ் பேசுனா. மத்ததெல்லாம் ஒப்பிச்சுது."

கரஸ்பாண்டென்ட் சார் ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. சடைக்காரியின் தலையைத் தொடாமல் கையை மட்டும் மேலே ஆட்டி, "எல்லாம் நம்ம மேடத்தோட ட்ரெயினிங்குங்க. பின்தங்குன புள்ளைகளுக்குத் தனிக்கவனம் குடுக்கறோமுங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மேடமும் சிரித்துக்கொண்டே தட்டினார்.

கார் சோளக்காட்டைத் தாண்டிப் போனதும் மேடம் திரும்பி வந்து ஆயாவைக் கூப்பிட்டார்.

"அந்தக் கூடைய அப்படியே கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டு."

ஆயாவுக்குப் புரியவில்லை. "நல்ல பழமுங்கம்மா. இன்னைக்கு வாங்குனதுங்க."

"கொட்டுன்னா கொட்டு. தட்டு, துணி எல்லாத்தையும் தேச்சுக் கழுவு."

கூடை போயிற்று. துணி போயிற்று. அழுகிய தக்காளி அதே கடையில், அதே இடத்தில், ஈ மொய்க்க இருந்தது. அதை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சடைக்காரி என் பக்கத்தில் வந்து நின்று சேலையை இழுத்தாள். "மிஸ், நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா? பேட்னா அழுகினதுதானுங்களே?"

அவளுக்குத் தன் இங்கிலீஷில்தான் சந்தேகம். கூடை ஏன் போகிறது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான். நான் அவளுக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்தேன்.

"கரெக்ட்டாத்தான் சொன்ன கண்ணு. பேட்னாலும் சரிதான். இன்னும் சரியான வார்த்தை ஒண்ணு இருக்குது. ராட்டன்."

"ராட்டன்" என்று சொல்லிப் பார்த்தாள். பல் இல்லாத இடத்தில் காற்று அடித்தது.

தக்காளித் தட்டைத் தூக்கிக்கொண்டு, மேடமும் சாரும் இருந்த அலுவலக அறைக்குப் போனேன். மேசை மேல் கண்ணாடி போட்டு, அதற்கு அடியில் சாமி படமும் பஸ் நேரமும் வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடி மேல் தட்டை வைத்தேன். ஒரு தக்காளி உருண்டு உடைந்தது.

"இது ஒரு வாரமா நாறிக்கிட்டுக் கெடக்குது மேடம். இதைத் தொடைச்சுத் தொடைச்சு புள்ளைக மூக்குக்கிட்ட வெச்சீங்க. இதுக்கு வராத அருவருப்பு அந்தக் கொழந்தை கைக்கு வந்துருச்சுங்களா?"

கரஸ்பாண்டென்ட் சார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாத அம்மணி. வெளிய கேக்கும்."

"கேக்கட்டுமுங்க."

"கல்யாணம் ஆகற வரைக்கும் பொழுது போகட்டுமேன்னு வேலை குடுத்தோம்" என்றார் மேடம், தட்டைப் பார்க்காமல். "உங்கப்பனுக்காகத்தான் பொறுத்துக்கறேன்."

"நீங்க பொறுத்துக்க வேண்டாமுங்க. நான் நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாறு கண்ணாடி விளிம்பு வழியாகப் பஸ் நேரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து என் சர்டிபிகேட்டுகளை வாங்கப் போய்விட்டுத் திரும்பும்போது, துடியலூர் பஸ் ஸ்டாப்பில் சடைக்காரியின் அம்மா நின்றிருந்தார். தோளில் பை, கையில் மருந்துப் பெட்டி. நானே கிட்டே போய் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"தெரியுமுங்க டீச்சர்" என்றார் கடைசியில். "ஆயாவே வந்து சொல்லிப்போட்டாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கையில ஊசி போட்டுக்காத புள்ள இல்லீங்க. மேடத்துப் பேரனுக்கும் நாந்தான் போட்டேன். அன்னிக்குப் புள்ளைய எம்மடியிலதான் குடுத்தாங்க. நான் வந்தப்பறம் ஊட்டக் கழுவிவிட்டாங்களோ என்னமோ, நான் திரும்பிப் பாக்கலீங்க."

மன்னிச்சுக்குங்க என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"நீங்க எதுக்குங்க கேக்கறீங்க? இவள டவுன்ல வேற பள்ளிக்கூடத்துல சேக்கலாம்னு இருக்கோம். அவங்க அப்பா டி.சி. வாங்கப் போயிருக்காரு." பிறகு அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "ஊட்டுல ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டு உசுர வாங்கறாளுங்க. நேத்து வெச்ச ரசம் ராட்டன், அவங்க அப்பா செருப்பு ராட்டன், எல்லாம் ராட்டனாமா. நீங்க சொல்லிக்குடுத்தீங்களாமே?"

"ஆமாங்க" என்றேன்.

"வாய அடக்குன்னு நான் சொல்லலீங்க. சொல்லவும் மாட்டேன்" என்றார். அவருடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அப்பா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அம்மாதான் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனார். அடுத்த ஜூனில் போத்தனூரில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் நாள் மட்டும் அப்பா மெயின் ரோடு வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "அந்தக் கரஸ்பாண்டென்ட் வந்தாப்புல. நீ மன்னிப்புக் கேட்டாச் சேத்துக்கறேன்னு சொன்னாப்புல" என்றார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "எம்புள்ளைக்கு அந்த நாத்தம் ஆகாதுன்னு சொல்லிப்போட்டேன்" என்றார். அவர் எந்த நாற்றத்தைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை.

அந்தக் கோழிக் கொட்டகைப் பள்ளி நன்றாகத்தான் வளர்ந்தது. பெரியவர் கொடுத்தாரோ, வேறு யார் கொடுத்தார்களோ, மாடி வைத்த கட்டடம் எழும்பிவிட்டது. கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவரை ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, கடை விளையாட்டு இன்னும் நடக்கிறது, இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பழம் என்று சொன்னார். அழுகாது, கழுவிக்கொள்ளலாம் என்று மேடமே வாங்கி வந்தாராம். சாப்பாட்டின் பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

போத்தனூரில் என் வகுப்பில் எழுபது பிள்ளைகள். ரயில் போகும்போதெல்லாம் பாடத்தை நிறுத்த வேண்டும். ஒரு நாள் அதையே விளையாட்டாக்கி, பாதிப் பேரை ரயிலாகவும் பாதிப் பேரை ஏறுகிறவர்களாகவும் நிறுத்தினேன். எங்கே போகிறாய் என்று இங்கிலீஷில் கேட்க வேண்டும், பதில் சொன்னால்தான் ஏறலாம். தலைமையாசிரியை சத்தம் கேட்டு வந்து கதவில் நின்றார். மேடத்தைப் போல இவரும் இதில் யாரை முன்னால் நிறுத்தச் சொல்லப் போகிறாரோ என்று பயந்தேன்.

"பக்கத்து கிளாஸ்ல கணக்குப் பரீட்சை நடக்குதுங்க டீச்சர். ரயில வெளிய மரத்தடியில ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எழுபது பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே போனோம்.